கொட்டிலில் காப்பாற்றிய தீவு

சைப்பிரஸ் தீவு இரண்டாகப் பிரிந்துவிடாமல் தடுப்பதற்காக வட லண்டனின் எட்மண்டனில் ஒரு குழு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூடுவோம். தீவு பிரிந்து ஏற்கெனவே பதினைந்து வருடங்கள் ஆகியிருந்தன என்பது எங்கள் வேலையைக் கொஞ்சம் சிரமமாக்கியது. ஆனால் ஓய்வுபெற்றவர்கள் கூடுகிற குழு எதுவும் அப்படியான ஒரு காரணத்துக்காகக் கலைந்ததை நான் கண்டதில்லை.

கூடிய இடம் ஒரு தகரக் கொட்டில். ரயில் பாதைக்குப் பின்னால் உள்ளூர்க் கவுன்சிலுக்குச் சொந்தமான நீண்ட காணி ஒன்று கிடந்தது. அதைத் துண்டு துண்டாக்கி, மரக்கறி வளர்க்க விரும்புகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அலொட்மென்ட் என்று சொன்னால் லண்டனில் எல்லோருக்கும் விளங்கும். கவுன்சில் தனித்தனி ஆட்களோடு மல்லுக்கட்டுவதில்லை. காணி முழுவதையும் ஒரு சங்கத்திடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தது. மேல் பக்கத்துத் துண்டுகளில் பெரும்பாலும் கிரேக்கச் சைப்பிரஸ்காரர்கள், கீழ்ப் பக்கத்தில் துருக்கிச் சைப்பிரஸ்காரர்கள். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஒரு துண்டு காலியானால் பக்கத்துத் துண்டுக்காரர் முதலில் தன் மைத்துனனுக்குச் சொல்வார், அவ்வளவுதான். நடுவே மூன்று தமிழ்த் துண்டுகள். காணி முழுவதற்கும் ஒரேயொரு தண்ணீர்க் குழாய், அதுவும் கொட்டிலின் சுவரோடு.

தமிழ்த் துண்டுகளில் முதலாவது என் மனைவியுடையது. நான் வேலையில் இருந்த காலத்திலேயே அவள் பெயரைப் பதிந்து, வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. பென்ஷன் எடுத்த பிறகு என்னை வீட்டில் வைத்திருக்க ஏலாது என்பது அவள் முன்கூட்டியே செய்த கணிப்பு. வெந்தயக்கீரை, பூசணி, கொத்தமல்லி, பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் பச்சை மிளகாய். பயற்றங்காய் இரண்டு தரம் தோற்றது. மூன்றாம் தரமும் போட்டாள். அந்த மண்ணில் இருக்கும்போது மட்டும் அவள் லண்டனைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டாள்.

நான் இரண்டு அரசாங்கங்களில் வேலை செய்தவன். முதலில் யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரி, பிறகு லண்டனில் ஒரு கவுன்சிலின் கூட்டப் பிரிவு. இரண்டிலும் ஒரே வேலைதான். பெரியவர்கள் கூடிப் பேசுவதை, அவர்கள் பேசியிருக்க வேண்டிய விதத்தில் எழுதிவைப்பது. ஓய்வுபெற்ற பின் மனைவிக்குத் துணையாகச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போனேன். கூட்டம் நடத்தப் போதிய ஆட்கள் இருக்கிறார்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அன்றே என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். நான் உறுப்பினன் அல்ல, உறுப்பினர் என் மனைவி. செயலாளர் உறுப்பினராக இருக்கவேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை என்பதையும் நானே தேடிப் பார்த்துச் சொல்லவேண்டியிருந்தது. தலைவர் ஓர் ஆங்கிலேயர், அந்தக் காணியில் மிஞ்சியிருந்த கடைசி ஆங்கிலேயர். எது பிழையாகப் போனாலும் இரண்டு பக்கமும் குற்றம் சொல்ல வசதியாக இருந்ததால் அவரை யாரும் மாற்றவில்லை.

கொட்டில் குழுவில் நாங்கள் நான்கு பேர். மேல் பக்கத்திலிருந்து ஒரு தையற்காரர். கீழ்ப் பக்கத்திலிருந்து உடுப்பு வெளுக்கும் கடை வைத்திருந்த ஒருவர். இருவரும் சைப்பிரஸில் ஒரே கலப்புக் கிராமத்தில் பிறந்தவர்கள். இருவரும் வாலிபத்திலேயே லண்டனுக்கு வந்துவிட்டவர்கள். ஆகவே தீவைக் காப்பாற்றும் தகுதி இருவருக்கும் சமமாக இருந்தது. எல்லாம் நடந்தபோது இருவருமே அங்கே இல்லை. மூன்றாமவர் மன்னார்க்காரர், என்னைவிட இளையவர், தபால் பிரிக்கும் இடத்தில் ஷிப்ட் வேலை. ஞாயிறு பூசை முடிந்து, மனைவி சுட்ட ரோல்ஸோடு நேரே கொட்டிலுக்கு வருவார். நான்காமவன் நான்.

கடைக்காரர் நீண்ட பிடி வைத்த சின்னப் பாத்திரத்தில் கோப்பி போடுவார். ஒருவர் அதைத் துருக்கிக் கோப்பி என்றார், மற்றவர் கிரேக்கக் கோப்பி என்றார். தீவு பிரிந்த பிறகு இது சாதாரண விஷயம் இல்லையாம். நான் குறிப்பில் ‘கோப்பி வழங்கப்பட்டது’ என்று மட்டும் எழுதினேன். அது இரு தரப்பும் ஏற்ற முதலாவது தீர்வு.

பழைய சரித்திரத்தில் எதை மாற்றியிருந்தால் தீவு பிரிந்திராது என்று வாயால் மாற்றிப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. ஆரம்ப மாதங்களில் தீவைக் காப்பாற்றுவது மிகவும் இலகுவாக இருந்தது. தையற்காரர் துருக்கியர் செய்ததை எல்லாம் மாற்றினார். கடைக்காரர் கிரேக்கர் செய்ததை எல்லாம் மாற்றினார். இருவரும் களைத்தபோது சேர்ந்து ஆங்கிலேயரை மாற்றினார்கள். ஒவ்வொரு ஞாயிறும் தீவு காப்பாற்றப்பட்டது, ஒவ்வொரு ஞாயிறும் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீடு போனார்கள். இப்படியான கூட்டங்களை நான் சம்பளத்துக்காகச் சகித்திருக்கிறேன். சும்மா சகிக்க முடியவில்லை. ஆகவே ஒரு விதி போட்டேன். இனிமேல் ஒருவர் தன் பக்கம் செய்ததை மட்டும்தான் மாற்றலாம். மற்றப் பக்கம் செய்தது செய்ததுதான், அதைத் தொடக்கூடாது.

விதி வந்த முதல் ஞாயிறு ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு தரம் கோப்பி குடித்தோம். ரயில்கள் போய் வந்தன. மன்னார்க்காரர் ரோல்ஸை எல்லாம் தானே சாப்பிட்டார்.

அடுத்த ஞாயிறு தையற்காரர் தொண்டையைச் செருமினார். (அவர்கள் பேசியது ஆங்கிலம். அதை எங்கள் தமிழில் தருகிறேன், பிழைகளுக்கு நானே பொறுப்பு.) சுதந்திரம் கிடைத்த மூன்றாம் வருடமே அரசியல் யாப்பை மாற்ற வேண்டுமென்று தன் பக்கம் பதின்மூன்று திருத்தங்களை நீட்டியதை அவர் மாற்றினார்.

“பதின்மூண்டு ஒரேயடியா. நான் ஒரு கோட்டிலை ஒரு நாளிலை அவ்வளவு இடம் வெட்டமாட்டன். ஒண்டைக் குடுத்துப் பாத்திருக்கலாம்.”

கடைக்காரர் தன் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார், அதே வருடக் கடைசியில் வந்த கலவரத்துக்குப் பிறகு தன் பக்கத்து உத்தியோகத்தர்கள் அரசாங்கக் கந்தோர்களுக்குத் திரும்பிப் போகவில்லை, தான் மாற்றுவதென்றால் அதைத்தான் மாற்றுவேன் என்று. திங்கட்கிழமை காலை எல்லோரும் போய், வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்திருக்க வேண்டும். போக விட்டிருப்பார்களா என்று தையற்காரர் கேட்க வாயெடுத்தார். பிறகு அவரே, தடுத்திருந்தால் அது என் பக்கம், என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். ஒரு விதி வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கும் சந்தோஷம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. எனக்கு அன்று கிடைத்தது.

அதன் பிறகு எங்களுக்குப் பொற்காலம். பெரிய நகரங்கள் ஐந்திலும் இனத்துக்கொரு நகரசபை வேண்டுமென்ற ஏற்பாட்டைக் கடைக்காரர் விட்டுக்கொடுத்தார். கிரேக்கத்தோடு சேரவேண்டும் என்ற கூச்சலைத் தையற்காரர் சுதந்திரத்தன்றே நிறுத்தினார். தீவு முழுதாகக் காப்பாற்றப்பட்டது என்று எந்த ஞாயிறும் சொல்ல முடியவில்லை. ஆனால் இருவரும் ஒன்றாக பஸ் தரிப்புக்கு நடந்து போகத் தொடங்கினார்கள்.

ஒருநாள் மன்னார்க்காரர் என்னைப் பார்த்து, “அண்ணை, உந்த விளையாட்டை எங்கடை தீவுக்கும் விளையாடினால் என்ன?” என்றார். அவர் தனி நாட்டுக்காரர், நான் எந்த நாட்டுக்காரன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. முன்னறிவித்தல் இல்லாத விஷயத்தை எடுக்க முடியாது என்றேன். அவர் சிரித்தார். “உங்களை ஒருத்தரும் மடக்க ஏலாது.”

அடுத்த கோடை வறண்டு போனது. ஆனி மாதத்திலேயே மண் வெடித்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் தேவைப்பட்டது. ஒரு ஹோஸ் ஓடினால் மற்றது சொட்டும். மேல் பக்கத்தார் குழாயில் இரண்டு வாய் உள்ள ஓர் இணைப்பைப் பூட்டி, இரண்டையும் தாங்களே எடுத்தார்கள். கீழ்ப் பக்கத்தார் விடியமுன் வந்து திறந்துவிட்டு, வெயில் ஏறும்வரை மூடாமல் விட்டார்கள். ஒரு வாரத்தில் பேச்சு நின்றது. அடுத்த வாரத்தில் முன்னோர்கள் இழுக்கப்பட்டார்கள்.

சங்கத்தின் பதினோராம் விதியில் இதற்கு வழி இருந்தது. இரண்டாவது குழாய் வேண்டுமென்று ஓர் உறுப்பினர் எழுத்தில் கேட்டால், சங்கம் கவுன்சிலிடம் விண்ணப்பிக்கலாம், குத்தகை ஒப்பந்தப்படி கவுன்சில் மறுக்க முடியாது. உறுப்பினர்கள் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது செயலாளரின் வேலை அல்ல. விதிப் புத்தகத்தை ஒருவரும் திறப்பதில்லை என்று ஒருநாள் சாப்பிடும்போது மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அவள் மீன் குழம்பைப் பரிமாறிக்கொண்டே, “உங்களுக்குத் தெரியும்தானே,” என்றாள். தெரியும், ஆனால் தீர்மானம் கொண்டுவரச் செயலாளருக்கு அதிகாரம் இல்லை என்றேன். எந்த விதி என்று சொல்லவில்லை. அவள் என் தட்டில் அளவுக்கு மேல் குழம்பை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

உறுப்பினர்கள் எழுத்தில் கேட்டது வேறொன்று. சங்கத்தைக் கலைத்து, மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என்று இரண்டு சங்கம் வேண்டும், நடுவே வேலி வேண்டும். அந்தக் காணியின் சரித்திரத்தில் இரண்டு பக்கமும் ஒற்றுமையாகக் கையெழுத்திட்ட ஒரே மனு அதுதான். மேல் பக்கத்தின் முதல் கையெழுத்து தையற்காரருடையது. கீழ்ப் பக்கத்தின் முதல் கையெழுத்து கடைக்காரருடையது. அறுபதுகளின் சைப்பிரஸுக்கு அவ்வளவு விட்டுக்கொடுத்த இருவருக்கும் எட்மண்டனில் ஒரு ஹோஸை விட்டுக்கொடுக்க முடியவில்லை. மன்னார்க்காரரும் கையெழுத்து வைத்திருந்தார். தன் துண்டு முழுதாகக் கீழ்ப் பக்கத்துக்குப் போகும், தண்ணீர் ஒழுங்காக வரும் என்பது அவர் கணக்கு.

கவுன்சிலிலிருந்து ஓர் இளம் உத்தியோகத்தர் வரைபடத்தோடு வந்தார். கொட்டில் மேசையில் அதை விரித்து, பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். சைப்பிரஸ் தலைநகரை ஓர் ஆங்கிலேயத் தளபதி பச்சைப் பென்சிலால் பிரித்தார் என்று என் நண்பர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். இவருடையது சிவப்பு. கோடு கொட்டிலின் ஊடாகவும், என் மனைவியின் துண்டின் ஊடாகவும் போனது. வேலிக்கும் இருபுறப் பாதைக்கும் போக மிஞ்சுவது துண்டு என்று சொல்லக்கூடிய அளவில் இராது, அதை இரு சங்கங்களும் பகிர்ந்துகொள்ளலாம், உங்களுக்கு வேறு எங்காவது ஒன்று கிடைக்கும்வரை காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போடலாம் என்றார். மிகவும் மரியாதையான பிள்ளை.

மனைவி கையில் மண்ணோடு கேட்டுக்கொண்டு நின்றாள். அவர் போன பிறகு என்னிடம், “பட்டியலிலை எத்தினை வருசம் நிண்டனான் எண்டு உங்களுக்குத் தெரியும். என்ரை பாத்தியிலை வேலி போட நான் விடமாட்டன்,” என்றாள். குரல் உயரவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். சங்கத்தைக் கலைப்பதற்கான விசேட கூட்டத்தின் அறிவித்தல் வாசற்கதவில் மட்டும் ஒட்டப்பட்டிருந்தது. விதிப்படி தபாலிலும் அனுப்பவேண்டும். கூட்டம் செல்லாது என்று எழுதினேன். கூட்டம் ஒரு மாதம் தள்ளிப் போனது. வெற்றியோடு வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ஒரு மாசம் தள்ளிப் போட்டிருக்கிறியள். உங்கடை கொட்டில் கதையளிலை எல்லாரும் செய்தது உதுதானே?”

விதிப் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, நானும் ஒரு பிடி கீரையை எடுத்து ஆயத் தொடங்கினேன்.

ஆவணியில் கூட்டம் நடந்தது, நூலகத்தின் மேல்மாடி அறையில். மேல் பக்கத்தார் சன்னல் ஓரமாகவும் கீழ்ப் பக்கத்தார் சுவர் ஓரமாகவும் இருந்தார்கள். நடுவில் தமிழர்கள். மன்னார்க்காரர் எனக்கும் சுவருக்கும் இடையில், இரண்டு பக்கமும் போகக்கூடிய ஒரு கதிரையைத் தேடி எடுத்திருந்தார். கலைப்பதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அது இருந்தது என்பது தலையை எண்ணாமலே தெரிந்தது. தலைவர் லீக்ஸ் செடி வளர்ப்பதைப் பற்றி ஒரு சிறு முகவுரை சொல்லிவிட்டு, பேச விரும்புகிறவர்கள் பேசலாம் என்றார்.

முதலில் எழுந்தது என் மனைவி. அவள் அதற்கு முன் எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. தன் ஆங்கிலம் கடையிலும் டாக்டரிடமும் மட்டும்தான் செல்லும் என்பது அவள் எண்ணம். இந்த ஆம்பிளையள் கொட்டிலிலே ஒரு விதி வைத்திருக்கிறார்கள், நான் வெளியே களை பிடுங்கிக்கொண்டு எல்லாம் கேட்டிருக்கிறேன், என்று தொடங்கினாள். ஒவ்வொருவரும் தன் பக்கம் செய்ததை மட்டும் சொல்லலாம். அந்த விதியில் இரண்டு வருடமாக ஒரு தீவைத் திருத்துகிறார்கள். இன்றைக்கு அதே விதியில் குழாயைப் பற்றிப் பேசட்டும். அதற்குப் பிறகு என் பாத்தியை வெட்டுவதென்றால் வெட்டட்டும்.

அப்படி ஒரு விதியைக் கூட்டத்தில் போட முடியுமா என்று தலைவர் என்னைப் பார்த்தார். பேச்சின் ஒழுங்கைத் தீர்மானிப்பது தலைவரின் அதிகாரம் என்றேன். அது உண்மை. அப்படிச் சொல்லுமாறு மனைவி என்னைக் கேட்டிருக்கவும் இல்லை என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

தையற்காரர் கடைக்காரரைப் பார்த்தார், கடைக்காரர் தையற்காரரைப் பார்த்தார். இருவரும் தங்கள் கொட்டில் முகத்தை அந்த அறைக்குக் கொண்டுவர விரும்பாதவர்கள் போல இருந்தார்கள். கடைசியில் தையற்காரர் எழுந்தார்.

“ரெண்டு வாய் இணைப்பைப் பூட்டினது நாங்கள். ரெண்டையும் நாங்களே எடுத்தம். வாங்கினது நான்தான்.”

அவருக்குப் பின்னால் சன்னல் பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் இருந்துவிட்டார். பிறகு கடைக்காரர் எழுந்து, விடியமுன் குழாயைத் திறந்து விட்டது தன் பக்கம் என்றார். தக்காளிக்குத் தேவைப்பட்டதைவிட அதிகமாக விட்டோம், மேலே போகக்கூடாது என்றுதான் விட்டோம். சுவர் ஓரத்தில் ஒருவர் இருமினார். அதன் பிறகு இரண்டு பக்கத்திலும் ஒவ்வொருவர், தயக்கத்தோடு, சின்னச் சின்னதாய். ஒருவர் மற்றவரின் ஹோஸை மிதித்து நின்றது. ஒருவர் கொட்டில் திறப்பை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்திருந்தது.

தலைவர், அவ்வளவுதானா என்றார். சன்னல் பக்கத்திலிருந்து ஒருவர், நடுப் பக்கம் ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்டார். நியாயமான கேள்வி. மனைவி மறுபடி எழுந்தாள்.

“எங்கடை பக்கம் செய்தது என்ரை மனுசன். ரெண்டாவது குழாய் கேக்க விதியிலை வழி இருக்கெண்டு இவருக்கு ஆனியிலேயே தெரியும். ஒருத்தரும் எழுத்திலை கேக்கேல்லை எண்டு பேசாமல் இருந்தவர்.”

இரண்டு பக்கமும் என்னைப் பார்த்தன. அந்தக் கோடையில் அவர்கள் ஒன்றாகச் செய்த இரண்டாவது காரியம் அது. செயலாளர் தீர்மானம் கொண்டுவர முடியாது. அன்றும் அதுதான் சரி, இன்றும் அதுதான் சரி. அதை விளக்க எழுந்தேன். தையற்காரர் சிரிக்கத் தொடங்கினார். கடைக்காரர் தொடர்ந்தார். பிறகு அறை முழுவதும் சிரித்தது, தலைவர் உட்பட. விளக்கம் சொல்லப்படவில்லை.

முதல் நாள் இரவு என் விதிப் புத்தகத்தைத் தேடிப் படித்திருந்த மனைவி ஒரு காகிதத்தில் இரண்டு வரி எழுதி என் முன்னால் வைத்தாள். பதினோராம் விதியின்படி இரண்டாவது குழாய் வேண்டும். இப்போது அது எழுத்தில் இருந்தது. கலைக்கும் தீர்மானத்தை மீளப்பெற விரும்புவதாகத் தையற்காரர் சொன்னார். வழிமொழிந்த தீர்மானத்தைக் கூட்டத்தின் சம்மதம் இல்லாமல் மீளப்பெற முடியாது என்று நான் குறுக்கிட வேண்டியிருந்தது. சம்மதம் கேட்டோம். ஒருவரும் மறுக்கவில்லை. படியிறங்கும்போது மன்னார்க்காரர் என் தோளைத் தட்டி, “அக்காவைச் செயலாளர் ஆக்கியிருந்தால் ஆடியிலேயே தண்ணி வந்திருக்கும்,” என்றார்.

குழாய் அடுத்த பங்குனியில் வந்தது. நிலத்தடிக் குழாய் போகிற இடத்தில்தான் பூட்டலாம் என்று வந்தவர்கள் சொன்னார்கள். அது என் மனைவியின் துண்டின் ஓரத்தில் இருந்தது. வெந்தயக்கீரைப் பாத்தியில் ஒரு முழத்தை அவள் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது இரண்டு பக்கத்தாரும் வாளியோடு அவள் பாத்தியைச் சுற்றித்தான் போகிறார்கள். மிதிக்கிறவர்களை இனம் பாராமல் பேசுகிறாள். அந்த வருடம் பயற்றங்காயும் காய்த்தது. தையற்காரரின் மனைவி ஒரு பிடி, கடைக்காரரின் மனைவி ஒரு பிடி என்று வாங்கிப் போய், தக்காளி போட்டு ஒரே மாதிரிச் சமைத்து, இரண்டு பெயர் சொன்னார்கள்.

கொட்டிலில் ஐந்தாவதாக ஒரு கதிரை வந்தது. மனைவி அதில் இருந்துகொண்டு கொத்தமல்லி விதை உருட்டுவாள். ஒரு ஞாயிறு, கோப்பி ஊற்றி முடிந்ததும், கடைக்காரர் என்னிடம், உன் தீவின் முறை எப்போது வரும் என்று கேட்டார். முன்னறிவித்தல் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

“போன கிழமையே நான் குடுத்திட்டன்,” என்றாள் மனைவி. விதைக் கடதாசிப் பக்கெற்றின் பின்பக்கத்தில் எழுதி என் கோப்புக்குள் வைத்திருந்தாள். திகதியும் போட்டிருந்தாள். குறை காண இடமில்லை.

கொஞ்சம் யோசித்துச் சொன்னேன். ஐம்பதுகளில் வாகன நம்பர்த் தகடுகளில் சிங்கள எழுத்து வந்தபோது எங்கள் ஆட்கள் அதைத் தார் பூசி அழித்தார்கள். தெற்கில் பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். நான் மாற்றுவதென்றால் அந்த முதல் தாரை.

மன்னார்க்காரரின் முகம் இறுகியது. “அண்ணை, அதாலையோ எங்களுக்கு இந்த நிலை வந்தது?”

“அதாலை எண்டு நான் சொல்லேல்லை. எங்கடை பக்கம் செய்தது எது எண்டு கேட்டவை. சொன்னன்.”

அவர் எழுந்து போகவில்லை. வெளியே யாரோ வாளி நிரப்பும் சத்தம் கேட்டது. மனைவி எட்டிப் பார்த்து, பாத்தியை மிதிக்காமல் போகச் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் மன்னார்க்காரர், தன் முறை வரும்போது என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றார். அவசரமில்லை, எங்களுக்கும் முதல் நாள் ஒன்றும் வரவில்லை, என்று கடைக்காரர் பாத்திரத்தை மறுபடி அடுப்பில் வைத்தார். மன்னார்க்காரர் தன் கோப்பையை நீட்டினார். அன்று கோப்பி இரண்டு தரம் வழங்கப்பட்டது.